நந்தாதேவிக்கு ஒரே வாசல்

நந்தாதேவியின் உச்சியை எட்ட ஆன காலத்தைவிட, அதன் அடிவாரத்துக்குப் போய்ச் சேர ஆன காலம்தான் அதிகம். 1883-ல் முதல் முயற்சி. 1934-ல்தான் மலையேறிகள் அதன் காலடியில் போய் நின்றார்கள். அப்புறம் இரண்டே வருடம், 1936-ல் உச்சியிலும் ஏறிவிட்டார்கள். அரை நூற்றாண்டு வாசலைத் தேடியே கழிந்திருக்கிறது. இமயமலை பற்றி எதைப் படிக்க ஆரம்பித்தாலும் நான் இந்த மலையிடமே வந்து சேர்வதற்கு இதுதான் காரணம்.

உத்தராகண்ட் மாநிலம், சமோலி மாவட்டம். உயரம் 7,816 மீட்டர். இந்தியாவில் கஞ்சன்ஜங்காவுக்கு அடுத்த உயரமான சிகரம். கஞ்சன்ஜங்கா நேபாள எல்லைமேல் நிற்பதால், முழுக்க நாட்டுக்குள்ளேயே நிற்கும் மலைகளில் இதுவே உயர்ந்தது என்று சொல்வார்கள். இதற்கு இரண்டு உச்சிகள். மேற்கில் இருப்பது பெரியது. கிழக்கில் 7,434 மீட்டரில் நந்தாதேவி கிழக்கு. சுனந்தாதேவி என்றும் அழைக்கிறார்கள். அக்கா தங்கை என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை. இரண்டுக்கும் நடுவே சுமார் இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு கூர்மையான முகடு ஓடுகிறது. இந்த முகட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

ஆனால் நந்தாதேவியை நந்தாதேவி ஆக்குவது அதன் உயரம் இல்லை, அதைச் சுற்றி இருப்பவை. பெரிய கோயில் ஒன்றை மனதில் கொண்டுவாருங்கள். நடுவில் கருவறை, சுற்றிலும் மதில். மலை நடுவில் நிற்கிறது. அதைச் சுற்றி நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான சுற்றளவில் மலைகளாலேயே ஆன மதில். துனாகிரி, சாங்பாங், கலங்கா, ரிஷி பஹார், மைக்தோலி, திரிசூல் என்று 6,400 மீட்டரைத் தாண்டும் சிகரங்கள் மட்டுமே ஒரு டஜன் அந்த மதிலில் இருக்கின்றன. மதிலின் மிகத் தாழ்ந்த இடம்கூட ஏறக்குறைய 5,200 மீட்டர். உள்ளே வடக்கிலும் தெற்கிலும் இரண்டு பனியாற்றுப் படுகைகள், நடுவே புல்வெளிகள், நீல ஆட்டு மந்தைகள். தென்மேற்கில் உள்ள பனியாற்றிலிருந்து பார்த்தால், சுமார் நாலு கிலோமீட்டர் தூரத்துக்குள் மலை 3,300 மீட்டர் எழும்பிவிடுகிறது. எழுத்தில் இது வெறும் எண். வரைபடத்தில் சமஉயரக் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக் கறுப்பாகிப் போயிருப்பதைப் பார்க்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

இந்த மதிலில் ஒரே ஒரு இடத்தில் பிளவு உண்டு. உள்ளே உருகும் தண்ணீர் எல்லாம் சேர்ந்து மேற்குப் பக்கமாக வெளியேறும் இடம். அதுதான் ரிஷிகங்கா. இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, நடுவில் வெள்ளை நுரையாக ஆறு. ரேணி கிராமத்தருகே அது தவுலிகங்காவில் கலக்கிறது. தவுலிகங்கா விஷ்ணுபிரயாகையில் அலக்நந்தாவில் சேர்கிறது. அலக்நந்தா தேவபிரயாகையில் பாகீரதியோடு கூடி கங்கை ஆகிறது. ஆக, ரிஷிகேசத்தில் நாம் முங்கி எழும் தண்ணீரில் நந்தாதேவியின் பனியும் இருக்கிறது.

நான் இந்த மலையை முதலில் நன்றாகப் பார்த்தது ஆவுலிக்கு மேலே உள்ள கோர்சன் புக்யால் என்ற மலைப் புல்வெளியில் இருந்து. மழைக்காலம் முடிந்த பின் வரும் தெளிந்த காலை. பக்கத்தில் துனாகிரி பெரிதாகத் தெரிந்தது, அருகில் இருப்பதால். நந்தாதேவி பின்னால் இருந்தது. எத்தனையோ மலைகள் முன்னால் நின்றும் அதன் தலையை மறைக்க முடியவில்லை. நான் அப்போது உச்சியைப் பார்த்ததைவிட அதற்குக் கீழே இருந்த இருட்டைத்தான் அதிக நேரம் பார்த்தேன். ரிஷிகங்காவின் இடுக்கு அங்கேதான் எங்கேயோ இருந்தது. வெயில் ஏறியும் அந்தப் பள்ளத்துக்குள் வெளிச்சம் இறங்கவில்லை.

அதற்குள் நுழைய முயன்றவர்களின் கதைக்கு வருகிறேன். 1883-ல் கிரஹாம் என்ற ஆங்கிலேயர் இடுக்கு வழியாகவே போக முயன்று பாதியில் திரும்பினார். 1905-ல் டாம் லாங்ஸ்டாஃப் கிழக்குப் பக்கமாக, மிலம் பள்ளத்தாக்கு வழியே வந்து, மதிலின்மேல் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தார். அவர் நின்ற சுமார் 5,900 மீட்டர் உயரக் கணவாய்க்கு இன்றும் அவர் பெயர்தான். உள்ளே இறங்க வழியில்லை. இரண்டு வருடம் கழித்து அவரே மதிலின் ஒரு தூணான திரிசூலில், 7,120 மீட்டரில், ஏறி நின்றார். அதுவரை மனிதர்கள் ஏறிய சிகரங்களில் அதுவே உயரமானது. அவருடன் ஆல்ப்ஸைச் சேர்ந்த புரோஷரெல் சகோதரர்களும் கூர்க்காப் படையின் கர்பீரும் ஏறினார்கள். கர்பீரின் பெயரைப் பல இடங்களில் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அது பொறுக்கவில்லை. அடுத்து ஹியூ ரட்லெட்ஜ் 1926, 1927, 1932 என மூன்று முறை வேறு வேறு பக்கங்களில் முட்டிப் பார்த்தார். மதில் அசையவில்லை.

1934-ல் எரிக் ஷிப்டனும் பில் டில்மனும் வந்தார்கள். இருவரும் சிக்கனத்துக்குப் பேர் போனவர்கள். நூற்றுக்கணக்கான சுமைதூக்கிகளும் டன் கணக்கில் சாமானுமாக ராணுவப் படையெடுப்பு மாதிரி இமயமலைக்குப் போவதுதான் அந்தக் காலத்து வழக்கம். இவர்களோ ஆங் தார்கே, பசங், குசாங் என்ற மூன்று ஷெர்பாக்களைச் சேர்த்துக்கொண்டு ஐந்தே பேராகக் கிளம்பினார்கள். ஆளில்லாததால் சுமையைப் பிரித்துக் கொஞ்ச தூரம் கொண்டு போய் வைத்துவிட்டு, திரும்பி வந்து மீதியை எடுத்துப் போக வேண்டும். ஒரே பாறைத் திட்டை நாலைந்து தடவை கடக்க வேண்டும். இடுக்கின் மேல்பகுதி ஆறேழு கிலோமீட்டர்தான். அதைத் தாண்ட ஒன்பது நாள் ஆனது.

ஒரு நாளைக்கு ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. பாறைச் சுவரில் ஒரு விளிம்பு கிடைக்கும். அதில் ஊர்ந்து போவார்கள். திடீரென்று அது முடிந்துபோகும், கீழே நூற்றுக்கணக்கான மீட்டர் வெறும் காற்று. திரும்பி வந்து, மேலேயோ கீழேயோ வேறு விளிம்பு தேட வேண்டும். பனியாற்று நீருக்கு ஒரு குணம் உண்டு. காலையில் தணிந்திருக்கும், வெயில் ஏற ஏற மேலே பனி உருகி மத்தியானத்துக்கு மேல் பொங்கும். ஆகவே ஆற்றைக் கடக்க நேரம் பார்த்து இறங்க வேண்டும். விளிம்புகளில் ஒன்று விட்டுப்போயிருந்தாலும் வழியே இருந்திருக்காது. அவர்கள் வேலையைப் பற்றிப் படித்த எல்லோரும் வியப்பது அதைத்தான்: ஒன்றின் முனையை இன்னொன்று தொடும்படி, கடைசி வரைக்கும் விளிம்புகள் இருந்தன.

உள்ளே போனவர்கள் உச்சிக்கு ஆசைப்படவில்லை என்பது எனக்கு இன்னும் பிடித்த விஷயம். வட படுகையை அளந்து வரைபடம் போட்டார்கள். மழைக்காலம் வந்ததும் வெளியே போய், ஆகஸ்டில் மறுபடியும் அதே இடுக்கு வழியாக உள்ளே வந்து தென் படுகையைப் பார்த்தார்கள். தெற்கு முகட்டில் ஏற வழி இருக்கும் என்று கண்டுகொண்டார்கள். திரும்பும்போது வந்த வழியை விட்டுவிட்டு, தெற்கு மதிலில் இருக்கும் சுந்தர்துங்கா கணவாய் வழியாக, பனிப்பாறை உடைந்து கொட்டும் சரிவில் இறங்கி வெளியேறினார்கள். நந்தாதேவியின் வரலாற்றில் ஒரே ஒரு பருவத்தை நேரில் பார்க்கலாம் என்று வரம் கிடைத்தால், நான் 1936-ஐ அல்ல, இந்த 1934-ஐத்தான் கேட்பேன்.

1936-ல் ஏறியது பிரிட்டிஷ்-அமெரிக்கக் கூட்டுக் குழு. எவரெஸ்ட் குழுவினர் அந்த வருடம் டில்மனைச் சேர்த்துக்கொள்ளவில்லை, உயரம் அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்று. அவர் இங்கே வந்தார். மேல் முகாம்களுக்குப் போகும் முன்பே ஷெர்பாக்களில் பலருக்கு உடம்பு முடியாமல் போனது. அவர்களில் கிதார் அடிவார முகாமிலேயே வயிற்றுப்போக்கால் இறந்துபோனார். அதன் பிறகு உறுப்பினர்கள் தங்கள் சுமையைத் தாங்களே தூக்கினார்கள். உச்சிக்கு முதலில் போக வேண்டியவர்கள் நோயல் ஓடெலும் சார்லஸ் ஹூஸ்டனும். கெட்டுப்போன டின் இறைச்சியைச் சாப்பிட்டு ஹூஸ்டன் படுத்துவிட, அவருக்குப் பதிலாக டில்மன் போனார். ஆகஸ்ட் 29 அன்று ஓடெலும் டில்மனும் உச்சியில் நின்றார்கள். ஆக்சிஜன் சிலிண்டர் கிடையாது. ஓடெலுக்கு அப்போது வயது 45. 1924-ல் எவரெஸ்டில் காணாமல்போன மலையேறிகள் மேலரியையும் இர்வினையும் கடைசியாகப் பார்த்தவர் இவர்தான். 1950-ல் பிரெஞ்சுக்காரர்கள் அன்னபூர்ணாவில் ஏறும் வரை, மனிதர் ஏறிய மிக உயர்ந்த சிகரமாக நந்தாதேவியே இருந்தது.

கிழக்கு உச்சியில் 1939 ஜூலை 2 அன்று போலந்துக் குழுவின் புயாக்கும் கிளார்னரும் ஏறினார்கள். அதே பயணத்தில் பக்கத்துத் திர்சூலி சிகரத்தில் (திரிசூல் வேறு) பனிச்சரிவு விழுந்து தலைவர் கார்பின்ஸ்கியும் இன்னொருவரும் இறந்தார்கள். மீதிப்பேர் மலையை விட்டு இறங்கிய சில வாரங்களில் போலந்தில் போர் மூண்டுவிட்டது.

இப்போது அந்த முகடு. 1951-ல் பிரெஞ்சுக் குழுத் தலைவர் ரோஜே டூப்லாவுக்கு ஒரு எண்ணம்: பெரிய உச்சியில் ஏறி, இறங்காமல் அப்படியே முகட்டின்மேல் நடந்து கிழக்கு உச்சிக்குப் போய்விடுவது. யாரும் அதுவரை அந்த உயரத்தில் அப்படி ஒன்றை யோசித்ததுகூட இல்லை. ஜூன் 29 அன்று டூப்லாவும் இளைஞர் கில்பெர் வின்யேயும் பெரிய உச்சியை நெருங்குவதைக் கீழே இருந்தவர்கள் பார்த்தார்கள். மேகம் மூடியது. அதற்கப்புறம் அவர்களை யாரும் பார்க்கவில்லை. அவர்களைத் தேடி மறுமுனையில், கிழக்கு உச்சியில், லூயி டூபோவும் டென்சிங் நோர்கேயும் ஏறினார்கள். அங்கிருந்து முகடு முழுக்கத் தெரிந்தது, ஆள் தடம் இல்லை. எவரெஸ்டில் ஏறிய பிறகும், தான் ஏறியதிலேயே கடினமானது இந்தக் கிழக்கு உச்சிதான் என்று டென்சிங் சொல்லியிருக்கிறார். முகட்டைக் கடக்கும் கனவு 1976-ல்தான் பலித்தது. ஜப்பானியர்களான ஹசேகவாவும் தகாமியும் கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்தார்கள்.

பெரிய உச்சியில் இரண்டாவதாக ஏறியது இந்தியக் குழு. 1964-ல் கேப்டன் என். குமார் தலைமையில் போய், நவாங் கோம்புவும் தாவா நோர்புவும் உச்சியைத் தொட்டார்கள்.

அடுத்த வருடம் நடந்ததைப் பற்றி நிறைய வதந்திகள் உலவுவதால் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். 1964 அக்டோபரில் சீனா முதல் அணுகுண்டைச் சோதித்தது. அதைக் கண்காணிக்க அமெரிக்காவின் சிஐஏ-வும் இந்திய உளவுத்துறையும் சேர்ந்து, புளூட்டோனியத்தில் ஓடும் ஒரு கருவியை நந்தாதேவிமேல் வைக்க 1965-ல் ஆள் அனுப்பின. இந்தியத் தரப்புக்குத் தலைமை எம். எஸ். கோலி. வானிலை கெட்டதால் கருவியை உயர முகாமில் கட்டி வைத்துவிட்டு இறங்கினார்கள். அடுத்த வருடம் போய்ப் பார்த்தால் கருவி இல்லை. பனிச்சரிவு அடித்துக்கொண்டு போயிருக்க வேண்டும். தேடித் தேடியும் கிடைக்கவில்லை. 1978-ல் விஷயம் வெளியே வந்து, பிரதமர் மொரார்ஜி தேசாய் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். கங்கையின் தலைமாட்டில் இப்படி ஒன்றைக் கொண்டுபோய் வைக்க யாருக்கும் உரிமை இல்லை. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

1976-ல் அமெரிக்கக் குழுவில் வந்த ஒரு பெண்ணின் பெயரே நந்தாதேவி. அவர் அப்பா வில்லி அன்சோல்ட், எவரெஸ்டின் மேற்கு முகட்டில் ஏறியவர். இளம் வயதில் தூரத்திலிருந்து இந்த மலையைப் பார்த்து, பெண் பிறந்தால் இந்தப் பெயர்தான் என்று முடிவு செய்திருந்தார். பெண் பிறந்தாள், பெயர் வைத்தார், அவள் வளர்ந்து அப்பாவோடு அந்த மலைக்கே வந்தாள். செப்டம்பர் 1 அன்று ராஸ்கெல்லி, ஸ்டேட்ஸ், ரைகார்ட் மூவரும் வடமேற்கிலிருந்து புது வழியில் உச்சியை அடைந்தார்கள். அடுத்து ஏறக் காத்திருந்த நந்தாதேவி மேல் முகாமிலேயே உடம்பு முடியாமல் செப்டம்பர் 8 அன்று இறந்துபோனாள். வயது 22. மலையிலேயே அவளை விட்டுவிட்டு வந்தார்கள். இதில் தெய்வச் செயலைப் பார்ப்பவர்கள் உண்டு. நான் இதில் ஒரு அப்பாவைத்தான் பார்க்கிறேன். அதற்கு மேல் எதையும் சேர்க்க மனம் வரவில்லை.

அந்த எழுபதுகளில்தான் வாசல் திறந்துவிடப்பட்டது. 1974-லிருந்து வெளிநாட்டுக் குழுக்கள் வரிசையாக வந்தன. லாத்தா கிராமத்திலிருந்து தரான்சி, திப்ருகேட்டா, தேவ்டி, ரமணி வழியாக உள்ளே போகும் பாதை நெடுஞ்சாலை மாதிரி ஆனது. லாத்தாவில் நான் பேசிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் இளைஞராக அந்தக் குழுக்களுக்குச் சுமை தூக்கியவர். ஆட்டு மந்தைகளின் முதுகில் மாவு மூட்டை கட்டி ஓட்டிப் போனதையும், இடுக்கின் பாறை விளிம்புகளில் ஆடுகள் மனிதர்களைவிடத் திடமாக நடந்ததையும் அவர் சொல்லிக் கேட்டேன். காசு வந்தது என்றார். கூடவே, ஜூனிப்பர் புதர்களை அடுப்புக்கு வெட்டித் தீர்த்ததையும், கஸ்தூரி மான் குறைந்துபோனதையும், முகாம் இருந்த இடமெல்லாம் டின்னும் கயிறுமாகக் கிடந்ததையும் அவரே சொன்னார்.

1982-ல் தேசியப் பூங்கா என்று அறிவித்து, மதிலுக்குள் இருக்கும் உள்வட்டத்தை மூடினார்கள். 1988-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. 1993-ல் ராணுவப் பொறியாளர் குழு ஒன்று உள்ளே போய், பழைய குப்பைகளை அள்ளி வந்தது. மூடியதில் எனக்கு முழுச் சம்மதம். அங்கே போக வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு, இருந்தும் சொல்கிறேன். பத்து வருடத்துக்குள் அந்தப் புல்வெளிகள் பட்ட பாடு போதும்.

ஆனால் மூடிய விதம் நியாயமில்லை. ரேணியும் லாத்தாவும் யார் ஊர்கள்? 1974 மார்ச் 26 அன்று கௌரா தேவி தலைமையில் ரேணிப் பெண்கள்தான் மரங்களைக் கட்டிக்கொண்டு, வெட்ட வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். சிப்கோ இயக்கத்தை உலகம் அறிந்தது அப்படித்தான். காட்டைக் காப்பாற்றிக் கொடுத்த அதே மக்களுக்கு எட்டு வருடம் கழித்து அந்தக் காட்டின் கதவு அடைக்கப்பட்டது. கோடையில் ஆடு மேய்த்த இடங்கள் போயின, சுமை தூக்கிச் சம்பாதித்த வழி போயிற்று, மூலிகை பறிப்பது குற்றம் ஆனது. 1998-ல் லாத்தா மக்கள் தடையை மீறிக் கூட்டமாக உள்ளே நடந்தார்கள். பிற்பாடு சிறு குழுக்களை உள்ளூர் வழிகாட்டிகளோடு மதிலின் ஓரம் வரை நடக்க அனுமதித்தார்கள். உள்வட்டம் இன்னும் மூடியேதான் இருக்கிறது.

2021 பிப்ரவரி 7 அன்று அதே இடுக்கிலிருந்து வேறொன்று வந்தது. ரோந்தி சிகரத்தின் வடக்குச் சரிவில், ஏறக்குறைய 5,500 மீட்டர் உயரத்தில், பாறையும் பனிக்கட்டியுமாக 2.7 கோடி கன மீட்டர் அளவுக்குப் பெயர்ந்து விழுந்தது. விழுந்த வேகத்தின் உராய்வில் பனிக்கட்டி உருகி, பாறைத்தூளோடு கலந்து, சேற்று வெள்ளமாக ரிஷிகங்காவில் இறங்கியது. ரேணியில் இருந்த நீர்மின் நிலையம் இருந்த இடம் தெரியாமல் போனது. கீழே தபோவனில் சுரங்கத்துக்குள் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் சிக்கிக்கொண்டார்கள். இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 200 பேருக்கு மேல். அன்று ரேணி மக்கள் முதலில் நினைத்தது 1965-ல் தொலைந்த கருவியைத்தான். விஞ்ஞானிகள் செயற்கைக்கோள் படங்களை வைத்து உண்மைக் காரணத்தைக் காட்டினார்கள். என்றாலும் மக்கள் பயந்ததில் என்ன தப்பு? அவர்களிடம் சொல்லாமல்தானே அதைக் கொண்டுபோய் வைத்தார்கள்.

மலையைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் அக்டோபர், நவம்பரில் ஆவுலி, கோர்சன் புக்யால், குவாரி கணவாய் பக்கம் போகலாம். தெற்கிலிருந்து பார்க்க கௌசானி நல்ல இடம். கிழக்கு உச்சிக்கு முன்ஸ்யாரி, மார்தோலி வழியாக மதிலுக்கு வெளிப்பக்கமாக இன்றும் மலையேறிகள் போகிறார்கள். 2019 மே மாதம் அந்தப் பக்கத்தில், பெயரில்லாத ஒரு சிகரத்தில் பனிச்சரிவு விழுந்து எட்டுப் பேர் இறந்தார்கள். வெளிப்பக்கம் என்பதால் சுலபம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

உள்வட்டத்தைத் திறக்கலாமா என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. மலையேறும் நண்பர்கள் ஆர்வமாகக் கேட்பார்கள், எத்தனை குழு, எவ்வளவு கட்டணம் என்று. நான் அவர்களிடம் கேட்பது வேறு. லாத்தாவிலும் ரேணியிலும் தோல்மாவிலும் கிராமக் கூட்டம் கூட்டிக் கேட்டார்களா? வழிகாட்டி வேலையும் சுமைக் கூலியும் யார் முடிவு செய்வது? குப்பையைத் திருப்பிக் கொண்டுவராத குழுவை என்ன செய்வது? மேய்ச்சல் உரிமை பற்றி நாற்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு முதலில் பதில் சொல்லட்டும். சிகரத்துக்கு அனுமதி கொடுப்பது அதற்கப்புறம்.